பங்காளிப் பூசல்: ஒரே வாய்க்காலில் இரண்டு நகரங்கள்

பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு நகரங்கள் தங்கள் மாநில அரசின் பணத்துக்காக முட்டிக்கொள்ளும்போது, ஆங்கிலச் செய்திகளில் ‘ரைவல்ரி’ என்ற சொல் தவறாமல் வந்து நிற்கும். தமிழில் எழுதும்போது ‘போட்டி’ என்போம். சூடு கொஞ்சம் கூடுதலாக இருந்தால் ‘பகை’ என்போம். ‘ரைவல்’ என்றால் போட்டியாளர் அல்லது எதிரி. அவசரத்துக்கு இவை போதும். ஆனால் நகரங்களின் நிதிச் சண்டைக்கு இவற்றைவிடப் பொருத்தமான சொல் ஒன்றை நாம் தினமும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

முதலில் வேரைப் பார்க்கலாம். லத்தீனில் ‘ரீவுஸ்’ என்றால் ஓடை, வாய்க்கால். ‘ரீவாலிஸ்’ என்றால் அந்த வாய்க்காலைப் பகிர்ந்துகொள்பவன். ரோமானியச் சட்ட அறிஞர் உல்பியன், தண்ணீர் உரிமை பற்றிய பகுதியில் இந்தச் சொல்லை விளக்கியே எழுதுகிறார்: ஒரே வாய்க்கால் வழியாகத் தண்ணீர் கொண்டுபோகிறவர்கள். அவ்வளவுதான். அதில் வெறுப்பு எதுவும் இல்லை. ஆனால் தலைமடைக்காரன் மடையை ஒரு நாழிகை கூடுதலாகத் திறந்து வைத்தால் கடைமடைக்காரன் வயல் காயும். அங்கேதான் சண்டை பிறக்கிறது. லத்தீன் நாடகங்களில் ஒரே பெண்ணை விரும்பும் இருவருக்கும் இந்தப் பெயர் வந்தது. 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்த பிறகும் பழைய பொருள் உடனே சாகவில்லை. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில், காவல் காக்கும் ஒருவன் தன்னோடு காவல் நிற்க வரும் தோழர்களையே ‘ரைவல்’ என்கிறான்.

(ஆற்றைக் குறிக்கும் ‘ரிவர்’ இதே வேர் என்று பலர் நினைக்கிறார்கள். அது வேறு. கரையைக் குறிக்கும் ‘ரீபா’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது.)

சரி, தமிழுக்கு வருவோம். ‘எதிரி’ என்றால் எதிரே நிற்பவர். அவருக்கும் நமக்கும் பொதுவாக எதுவும் இருக்க வேண்டியதில்லை. ‘போட்டியாளர்’ முன்பின் தெரியாத ஆளாகக்கூட இருக்கலாம். ஒரே சொத்தில் உரிமை உள்ளவர், பக்கத்திலேயே இருப்பவர், விலகிப் போக முடியாதவர், அதனாலேயே சண்டைக்கு வருபவர் என்றால், அவருக்குத் தமிழில் பெயர் ‘பங்காளி’.

பகு, பகுதி, பங்கு, பங்காளி என்று ஒரே குடும்பமாக வருகிற சொல் இது. பங்கை ஆள்பவர் பங்காளி. ‘பங்காளிச் சண்டை’, ‘பங்காளிக் காய்ச்சல்’ என்று சொல்வதும் நாம்தான், நெருங்கிய நண்பனை ‘என்ன பங்காளி’ என்று தோளில் கைபோட்டுக் கூப்பிடுவதும் நாம்தான். ‘ரீவாலிஸ்’ ஒரு காலத்தில் சுமந்திருந்த இரட்டைப் பொருளை இந்தச் சொல் இன்றும் விடாமல் வைத்திருக்கிறது. ‘தாயாதி’யும் ஏறக்குறைய இதே பொருள்தான், ஆனால் அது வடமொழி வழி வந்தது.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மினியாபொலிஸும் செயின்ட் பாலும் மிசிசிப்பி என்ற ஒரே ஆற்றின் மேல் உட்கார்ந்திருக்கும் இரட்டை நகரங்கள். அங்கே பாகப்பிரிவினை 1851லேயே தொடங்கிவிட்டது. தலைநகரம் செயின்ட் பாலுக்கு, சிறைச்சாலை ஸ்டில்வாட்டருக்கு, பல்கலைக்கழகம் செயின்ட் ஆந்தணிக்கு. இந்தச் செயின்ட் ஆந்தணிதான் 1872இல் மினியாபொலிஸோடு இணைந்தது.

அப்புறம் 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. எந்த நகரம் பெரியது என்று காட்ட இரண்டுமே ஆளைக் கூட்டி எழுதின. மினியாபொலிஸில் கணக்கெடுப்பாளர்கள் கைதானார்கள். செயின்ட் பாலில் ரயில் நிலையத்தில் மட்டும் 275 பேர் குடியிருப்பதாகப் பதிவாகியிருந்தது! மறுபடி எண்ணியபோது மினியாபொலிஸுக்கு 18,000 பேருக்கு மேலும் செயின்ட் பாலுக்கு 9,000 பேருக்கு மேலும் குறைந்தது. பொய்த் தலைகளைச் சேர்க்கும் அளவுக்கு வெறி ஏறியதற்குக் காரணம், தலை எண்ணிக்கைதான் நகரத்தின் கனம். கனம் கூடினால் முதலீடும் வரும், சட்டமன்றத்தில் குரலும் உயரும்.

ஆனால் இதே சட்டமன்றத்தில் மற்ற ஊர்க்காரர்களுக்கு எதிராக இந்த இரண்டும் சேர்ந்து வாக்களிக்க வேண்டிய நாளும் வரும். எதிரிகளுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது, பங்காளிகளுக்கு உண்டு. 1971இல் மினசோட்டா ஒரு சட்டம் கொண்டுவந்தது. இரட்டை நகர வட்டாரத்தில் வணிக, தொழில் சொத்துகளின் வரி அடித்தளம், அதாவது வரி விதிக்கக்கூடிய மதிப்பு, வளரும்போது, அந்த வளர்ச்சியில் 40 சதவீதம் பொதுத் தொகுப்புக்குப் போகும். அங்கிருந்து உள்ளாட்சிகளுக்குப் பிரித்துத் தரப்படும். வாய்க்கால் பாசனத்தில் முறை வைத்துத் தண்ணீர் விடுவதைப் போன்ற ஏற்பாடுதான் இது.

ஆகவே இந்த வகை ‘ரைவல்ரி’க்கு நான் வைக்கும் சொல் ‘பங்காளிப் பூசல்’. ‘உட்கட்சிப் பூசல்’ என்று நாளிதழ்களில் படித்துப் பழகியவர்களுக்கு இது அந்நியமாகப் படாது. ‘பங்காளி நகரங்கள்’ என்று மட்டும் எழுதினால் நட்பு நகரங்கள் என்று யாராவது எடுத்துக்கொள்ளக்கூடும். அதனால் ‘பூசல்’ உடன் இருப்பது நல்லது. எல்லா இடத்திலும் இதைப் போட வேண்டாம். இரண்டு ஊர்க் கால்பந்து அணிகள் மோதினால் அது போட்டிதான். ஒரு தொழிற்சாலையைத் தன் பக்கம் இழுக்கத் தொலைதூர நகரங்கள் சலுகைகளை அள்ளி வீசினால் அதுவும் போட்டிதான். ஒரே கருவூலத்திலிருந்து இருவருக்கும் பணம் வர வேண்டும், ஒருவருக்குக் கூடினால் மற்றவருக்குக் குறையும் என்ற நிலை இருந்தால் மட்டும் ‘பங்காளிப் பூசல்’ என்று எழுதுங்கள்.