ஒட்டுக் கன்றும் லாக் கோப்பும்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் இருக்கும் எங்கள் தோட்டத்துக் கோயிலுக்கு 2019-இல் ஒரு இணையதளம் செய்துகொடுத்தேன். திருவிழாவில் எந்த நாள் உபயம் யாருக்கு என்று பார்த்துப் பதிவு செய்துகொள்ள, அவ்வளவுதான். அதில் கொஞ்சம் வேலை பார்க்கிறேன் என்று, ஈப்போவில் கணினி படிக்கும் அண்ணன் மகன் தன் புது மடிக்கணினியில் எல்லாவற்றையும் இறக்கினான். அரை மணி நேரத்தில் போன் வந்தது.

"சித்தப்பா, உங்க கம்ப்யூட்டர்ல ஓடுது, என்னோடதுல ஓட மாட்டேங்குது. கோட்ல ஒரு எழுத்துகூட நான் மாத்தல."

அவன் சொன்னது உண்மை. கோடு, அதாவது நிரல், மாறவில்லை, அதற்கு அடியில் இருந்த தரை மாறியிருந்தது. திரையில் வந்த பிழை 'டிஜிட்டல் என்வலப் ரூட்டீன்ஸ் அன்சப்போர்ட்டட்'. இதே வரியைப் பார்த்து முழித்தவர்கள் நிறைய பேர் இருப்பார்கள், அதனால் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல் மொழியை பிரவுசருக்கு வெளியே ஓட்டுவது நோடு. 2021 அக்டோபரில் வந்த நோடு 17, தனக்குள் இருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகத்தை (நூலகம் என்றால் பிறர் எழுதி வைத்து நாம் எடுத்துப் பயன்படுத்தும் கோடு) 3-ஆம் பதிப்புக்கு மாற்றிக்கொண்டது. எம்டி4 என்பது 1990-இல் வந்த பழைய கணக்கு முறை, பாதுகாப்பில்லாதது என்று தெரிந்து வெகுகாலம் ஆகிவிட்டது. புதிய ஓப்பன்எஸ்எஸ்எல் அதைச் சாதாரணமாகக் கேட்டால் கிடைக்காதபடி ஓரமாக எடுத்து வைத்துவிட்டது. எங்கள் தளத்தின் கோப்புகளைக் கட்டித் தருவது வெப்பேக் 4. அது ரகசியம் எதையும் காக்க எம்டி4-ஐக் கூப்பிடவில்லை, கோப்புகளை அடையாளம் காண ஒரு சிறு குறி வேண்டும் என்றுதான் கூப்பிட்டது. கூப்பிட்ட இடத்தில் ஆள் இல்லை, நின்றுவிட்டது. என் கணினியில் நோடு 16, அவனிடம் அன்றைக்குக் கிடைத்த புத்தம் புதியது.

சரி, இதற்கு என்ன வழி? ஒரே கணினியில் பல நோடு பதிப்புகளை வைத்துக்கொண்டு வேலைக்குத் தகுந்தபடி மாற்ற என்விஎம் என்ற கருவி இருக்கிறது. திட்டத்தின் ஃபோல்டருக்குள் '.என்விஎம்ஆர்சி' என்று ஒரு சின்னக் கோப்பு போட்டு, அதில் 16 என்று ஒரே ஒரு எண்ணை எழுதி வைத்தால், 'என்விஎம் யூஸ்' என்றதும் அந்தப் பதிப்புக்கு மாறிவிடும். 2019-லேயே அன்றைய பதிப்பின் எண்ணை நான் இப்படி எழுதி வைத்திருக்க வேண்டும். எண் என் கணினிக்குள் மட்டும் இருந்தது, திட்டத்தில் இல்லை.

கருவி இப்படி. நூலகங்களின் கதை இன்னும் ஆழம்.

எந்தெந்த நூலகம் வேண்டும் என்று பட்டியல் போடும் 'பேக்கேஜ்.ஜேசன்' கோப்பில், ஒரு நூலகத்தின் பெயருக்கு நேரே நாம் ^4.17.1 என்று எழுதுகிறோம். முதல் எண் மாறினால் பழைய கோடு உடையலாம், இரண்டாவது மாறினால் புது வசதி வந்திருக்கிறது, மூன்றாவது மாறினால் பிழை திருத்தம் மட்டும் என்பது உடன்பாடு. முன்னால் இருக்கும் அந்தக் கூரைக் குறிக்கு, 5 வரும் வரை எது வந்தாலும் எடுத்துக்கொள் என்று பொருள். ~ போட்டால் 4.17-ஐத் தாண்டாது. ஆக, நாம் எழுதியது ஒரு பதிப்பு இல்லை, ஒரு வரம்பு. நாங்கள் எழுதியது பத்துப் பதினைந்து பெயர்தான், ஆனால் அவை ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஆள் கூட்டிவர, இறங்கியது நூற்றுக்கணக்கில். ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு வரம்பு. இன்றைக்கு நான் இறக்குவதும் ஆறு மாதம் கழித்து நீங்கள் இறக்குவதும் ஒன்றாக இருக்க வாய்ப்பே இல்லை.

பால்மர (ரப்பர்) தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது புதிதில்லை. நல்ல பால் தரும் மரத்தின் விதையைப் போட்டால் அதே மாதிரி மரம் வராது, அயல் மகரந்தம் கலந்திருக்கும். அதனால்தான் ஒட்டுக் கட்டுகிறார்கள். அப்பா நர்சரியில் அந்த வேலை பார்த்தவர். கன்றின் பட்டையில் ஜன்னல் மாதிரி வெட்டி, தாய் மரத்தின் மொட்டை அதில் பதித்து, டேப் சுற்றி, மூன்று வாரம் கழித்துப் பிரித்து நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்ப்பார். பச்சை தெரிந்தால் பிடித்துவிட்டது. அப்படி வளர்ந்த ஆர்ஆர்ஐஎம் 600 என்ற ரகம் எந்தத் தோட்டத்தில் நின்றாலும் ஆர்ஆர்ஐஎம் 600-தான்.

'பேக்கேஜ்.ஜேசன்' விதை. 'பேக்கேஜ்-லாக்.ஜேசன்' ஒட்டுக் கன்று. நூலகங்களை இறக்கி நிறுவும் கருவி என்பிஎம். 2017-இல் அதன் 5-ஆம் பதிப்புடன் வந்த இந்த லாக் கோப்பில் ஒவ்வொரு நூலகத்தின் துல்லியமான பதிப்பும், எங்கிருந்து இறக்கியது என்ற முகவரியும், உள்ளடக்கத்தின் கைரேகை மாதிரி ஒரு நீண்ட எழுத்துச் சரமும் இருக்கும். இறக்கியதில் ஒரு பைட் வேறாக இருந்தாலும் கைரேகை பொருந்தாது, நிறுவல் நின்றுவிடும். இதைக் குப்பை என்று நினைத்து, கோட்டின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் சேர்க்காமல் விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து சேருங்கள். சர்வரில் 'என்பிஎம் இன்ஸ்டால்' வேண்டாம், 'என்பிஎம் சிஐ' போடுங்கள். அது முன்பு இறக்கிய நூலகங்கள் இருக்கும் ஃபோல்டரை அழித்துவிட்டு லாக்கில் உள்ளதை மட்டும் அப்படியே நிறுவும். இரண்டு கோப்புக்கும் ஒத்துவரவில்லை என்றால் பிழை சொல்லி நிற்கும்.

மூன்றாவது எண்தானே, என்ன ஆகிவிடும் என்று கேட்டால், 2018-இல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் நூலகத்துக்கு நடந்ததைச் சொல்வேன். பராமரிப்பை ஏற்றுக்கொண்ட புதியவர் 3.3.6 என்ற பதிப்பில் வேறொரு நூலகத்தை நுழைத்தார். அதற்குள் பிட்காயின் பணப்பையைத் திருடும் கோடு ஒளிந்திருந்தது. செப்டம்பரில் அந்த நூலகம் நுழைந்தது, திருட்டு நவம்பரில்தான் வெளியே தெரிந்தது. எண் மாறியது கடைசி இடத்தில் மட்டும், அதனால் வரம்பு எழுதியிருந்தவர்களுக்குத் தானாக இறங்கியது. பழைய பதிப்பைப் பூட்டி வைத்து அப்படியே நிறுவியவர்களிடம் அது போகவில்லை.

அதற்காகப் பூட்டிவிட்டு மறந்துவிடவும் கூடாது. நோடு 16-க்கான ஆதரவு 2023 செப்டம்பரோடு முடிந்தது, இனி அதில் ஓட்டை தெரிந்தால் அடைக்க ஆள் இல்லை. பால்மரத்தையும் 25, 30 வருடத்தில் வெட்டி மறுநடவு செய்யத்தான் செய்கிறார்கள். ஆனால் தோட்டம் முழுவதையும் ஒரே வருடத்தில் வெட்டுவதில்லை, பிளாக் பிளாக்காகப் போவார்கள். நாங்களும் அப்படித்தான் செய்தோம்: கிட்டில் அசலைத் தொடாத ஒரு தனிக் கிளையில் ஒரு நேரத்தில் ஒரு நூலகம், ஏற்றியதும் உபயப் பதிவை முதலிலிருந்து கடைசி வரை ஓட்டிப் பார்ப்பது, சரியாக இருந்தால் லாக் கோப்போடு சேர்ப்பது, அப்புறம் அடுத்தது. வெப்பேக்கை 5-க்கு ஏற்ற மட்டும் மூன்று வாரக் கடைசிகள் பிடித்தன. அது ஓடியதும் அண்ணன் மகன் '.என்விஎம்ஆர்சி'யைத் திறந்து 16-ஐ அழித்துவிட்டு 22 என்று எழுதினான்.