கிணற்றில் தள்ளிவிட்டால் கார் ஓட்ட வராது

போன திங்கட்கிழமை காலை ஒரு பள்ளி ஆசிரியை என்னிடம் கார் ஓட்டப் பழகும் வகுப்புக்கு வந்தார். வயது 38. லைசென்ஸ் எடுத்து ஐந்து வருடம் ஆகிறது. வீட்டு வாசலில் கார் உறை போட்டு நிற்கிறது. சீட்டில் உட்கார வைத்து, பெல்ட் போடச் சொல்லி, "வண்டியை எடுங்க" என்றேன். அவர் சாவியைத் தொடவே இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்த பிடியில் விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. வலது உள்ளங்கையைத் துப்பட்டாவில் துடைத்தார், மறுபடி பிடித்தார், மறுபடி துடைத்தார். அப்புறம் மெதுவாக, "எனக்கு ஆகாதுங்கக்கா. இந்த டைமை வேற யாருக்காவது குடுத்துருங்க" என்றார்.

விசாரித்தேன். லைசென்ஸ் கைக்கு வந்த மூன்றாம் நாள், சாயங்காலம் ஆறரை மணிக்கு, கணவர் அவரைக் கோயம்புத்தூர் அவிநாசி ரோட்டில் ஓட்டச் சொல்லியிருக்கிறார். மேம்பால வேலைக்காக ரோட்டை அங்கங்கே அடைத்து வைத்திருந்த காலம் அது. சிக்னலில் பச்சை விழுந்ததும் வண்டி ஆஃப் ஆகிவிட்டது. ஸ்டார்ட் செய்தார், மறுபடி ஆஃப். பின்னால் ஹாரன், பக்கத்தில் கணவர் சத்தம், மூன்றாவது தடவையும் ஆஃப். கணவர் கதவைத் திறந்து இறங்கி, சுற்றி வந்து, அத்தனை பேர் பார்க்க இவரைப் பக்கத்து சீட்டுக்கு மாற்றி உட்கார வைத்திருக்கிறார். அன்றைக்கு விட்ட ஸ்டியரிங்தான்.

இந்த வருடம் இதே கதையோடு வந்தவர்களில் இவர் நான்காவது ஆள். ரோடு மட்டும் மாறும். ஒருவருக்கு வடகோவை மேம்பாலம், இன்னொருவருக்கு உக்கடம். சத்தம் போட்டது ஒருவருக்கு அண்ணன், ஒருவருக்கு மகன். நடந்தது ஒன்றேதான்.

அன்று சாயங்காலம் அந்தக் கணவரே போன் செய்தார். நல்ல மனிதர், மனைவி ஓட்ட வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறார். "மேடம், கிரவுண்டுலயே சுத்தீட்டு இருக்காதீங்க. ஒரு நாள் டிராஃபிக்ல தூக்கிப் போட்டீங்கன்னா தானா வந்துரும். நாங்கெல்லாம் கிணத்துல தள்ளிவிட்டுத்தான் நீச்சல் கத்துக்கிட்டோம்" என்றார்.

இந்தக் கிணற்றுக் கதையை 17 வருடமாகக் கேட்கிறேன். இதற்கு ஒருமுறை முழுதாகப் பதில் எழுதிவிட வேண்டும் என்றுதான் இன்று உட்கார்ந்திருக்கிறேன்.

நானும் கிணற்றில் நீச்சல் பழகியவள்தான். அன்னூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணறு. என் மாமா என்னைத் தள்ளிவிட்டது நிஜம். ஆனால் அதற்கு முன் நான்கு நாள் கல்படியைப் பிடித்துக்கொண்டு காலை மட்டும் அடிக்க வைத்தார். அப்புறம் முதுகில் சுரைக்குடுக்கை கட்டினார். அதற்கும் பிறகு, அவர் தண்ணீரில் இறங்கி, எனக்கு எட்டும் தூரத்தில் நீந்திக்கொண்டிருந்தபோதுதான் அண்ணன் மேலிருந்து என்னைத் தள்ளினான். கிணற்றில் பழகிய யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், இதில் ஒன்றாவது இருந்திருக்கும். வளர்ந்த பிறகு படியும் குடுக்கையும் மறந்துபோகின்றன. தள்ளியது மட்டும் நினைவில் நிற்கிறது, அதை எடுத்து வீட்டுப் பெண்கள் மேல் பிரயோகிக்கிறோம்.

இன்னொன்றும் யோசியுங்கள். கிணற்றில் நான் தடுமாறினால் தண்ணீர் குடிப்பது நான் மட்டும். ரோட்டில் அப்படி இல்லை. 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் ஓடும், கிட்டத்தட்ட ஒரு டவுன் பஸ்ஸின் நீளம். பயத்தில் ஒருவர் உறைந்துபோகும் அந்த ஒரு நொடியில், பஸ் நீளத்துக்கு வண்டி ஓட்டுபவர் இல்லாமலே போகிறது. முன்னால் சைக்கிளில் ஒரு பிள்ளை போய்க்கொண்டிருந்தால்? "தூக்கிப் போடுங்க" என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

தூக்கிப் போட்டதும் பயம் போய் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். முதல் தடவையே வண்டி ஆஃப் ஆகாமல் தப்பித்தவர்கள். தப்பிக்காதவர்கள் உங்களிடம் வந்து கதை சொல்லமாட்டார்கள். அவர்கள் காருக்கு உறை போட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் போகிறார்கள்.

சரி, இந்தப் பயம் எங்கே இருக்கிறது? என் அனுபவத்தில் பாதிப் பேருக்கு அது மனதில் இருப்பதைவிட இடது காலில்தான் அதிகம். அந்த ஆசிரியையிடம் நான் முதலில் பார்த்தது சீட்டை. அவர் தன் காரில் எப்போதும் கணவர் வைத்த இடத்திலேயே சீட்டை விட்டுவிட்டு உட்காருவாராம், என் வண்டியிலும் முந்தைய ஆள் வைத்துப் போன இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். கிளட்சை முழுதாக அழுத்த நுனிக்காலில் எட்ட வேண்டியிருந்தது. நுனிக்காலில் அழுத்திய கிளட்சை மெதுவாக விட யாராலும் முடியாது. சட்டென்று விடும், வண்டி குலுங்கி ஆஃப் ஆகும். ஐந்து வருடமாக "நான் பயந்தாங்கொள்ளி" என்று நினைத்திருந்த பெண்ணுக்குத் தேவைப்பட்டது நான்கு விரற்கடை முன்னால் இழுத்த ஒரு சீட்.

ஏறியதும் சீட்டை இழுங்கள். கிளட்சை அடி வரை அழுத்தும்போதும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். முதுகை சாய்மானத்தில் ஒட்டிவைத்துக் கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் மேல்விளிம்பில் படிய வேண்டும். உயரம் பற்றாவிட்டால் சீட்டை உயர்த்தும் வசதி வண்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நழுவாத, கெட்டியான மெத்தை ஒன்று வாங்குங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. ஹீல்ஸ் வேண்டாம், வார் இல்லாத செருப்பும் வேண்டாம். சேலை கட்டுபவர்கள் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொள்ளுங்கள்.

அடுத்தது, எங்கள் தொழிலில் இருப்பவர்களே வெளியில் பேசாத விஷயம். பயிற்சி வண்டியில் எங்கள் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். ஆபத்தில் நிறுத்துவதற்கு. ஆனால் அவசரத்தில் பயிற்சியாளரே கிளட்சைப் பிடித்து ஓட்டிவிடுவது உண்டு. வண்டி பட்டுப் போலப் போகும், நீங்களும் நமக்கு வந்துவிட்டது என்று நினைப்பீர்கள். உண்மையில் உங்கள் கையில் இருந்தது ஸ்டியரிங் மட்டும். வீட்டு வண்டியில் உட்கார்ந்த முதல் நாளே அது தெரிந்துவிடும். "கிளாஸ்ல நல்லா ஓட்டினேன், வீட்டு வண்டிதான் வரமாட்டேங்குது" என்று வருபவர்களை நான் கேட்கும் முதல் கேள்வி, கிளட்ச் யார் காலில் இருந்தது என்பதுதான்.

தயவுசெய்து கேளுங்கள், காசு கொடுக்கிறீர்கள். சொந்த வண்டி ஓட்டக் கற்பவருக்கு குறைந்தது 21 நாள் பயிற்சி, அதில் குறைந்தது 10 மணி நேரம் அவரே ஓட்ட வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே இருக்கிறது. வண்டிக்குள் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு ஆளுக்குப் பத்து நிமிடம் என்றால் அந்தப் பத்து மணி நேரம் எப்படி வரும்? ஒரு நோட்டில் தேதி போட்டு உங்கள் கையில் ஸ்டியரிங் இருந்த நிமிடங்களை எழுதி வாருங்கள். கடைசி ஐந்து வகுப்பில் "சார், பெடல்ல இருந்து காலை எடுத்துக்குங்க, ஆபத்துன்னா மட்டும் பிடிங்க" என்று சொல்லுங்கள். நல்ல பயிற்சியாளர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஆஃப் ஆகிவிடுமோ என்ற பயத்துக்கு நான் கொடுக்கும் பயிற்சி ஒன்றுதான். காலை ஆறு மணிக்கு, கொடிசியாப் பக்கம் ஆளில்லாத ரோட்டோரத்தில் வண்டியை நிறுத்தி, வேண்டுமென்றே ஆஃப் செய்யச் சொல்வேன், 20 தடவை. முதல் கியர் போட்டு, கிளட்சைப் பட்டென்று விட வேண்டும். குலுங்கி நிற்கும். உடனே பிரேக், கிளட்ச் அடி வரை, நியூட்ரல், சாவி. முதல் இரண்டு தடவை அந்த ஆசிரியை கண்ணை மூடிக்கொண்டார். ஐந்தாவது தடவை என்னைத் திரும்பிப் பார்த்தார். பன்னிரண்டாவதில், "அவ்ளோதானாக்கா?" என்றார். அவ்வளவுதான். பழகிய காலுக்கு மறுபடி கிளம்ப ஐந்து நொடி போதும். அந்த ஐந்து நொடிக்குப் பின்னால் இருப்பவர் ஹாரன் அடிப்பார், அடிக்கட்டும். ஹாரன் உங்களுக்கு உத்தரவு இல்லை. நாலு பக்கமும் மினுக்கும் விளக்கைப் போட்டுவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள், அவரே ஒதுங்கிப் போவார்.

மேட்டில் பின்னால் உருளும் பயத்துக்கும் இதே மருந்துதான். ஹேண்ட்பிரேக்கைப் போட்டு நிறுத்துங்கள். கிளட்சை மெல்ல விட்டுக்கொண்டே வாருங்கள். வண்டியின் மூக்கு லேசாகத் தூக்கும், இன்ஜின் சத்தம் கனக்கும். அந்த இடத்தில் காலை நிறுத்திக் கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் கொடுத்து ஹேண்ட்பிரேக்கை இறக்குங்கள். கிளட்ச் உள்ளே எப்படி வேலை செய்கிறது என்றெல்லாம் தெரிய வேண்டியதில்லை. அந்தச் சத்தம் காதுக்குத் தெரிந்தால் போதும். அடுக்குமாடி வீடுகளின் அடித்தள பார்க்கிங் சரிவு இதற்கு நல்ல இடம், கீழே யாரும் நிற்கவில்லை என்று பார்த்துக்கொண்டு.

இடது பக்க ஜட்ஜ்மென்ட் வரவில்லை என்பார்கள். தண்ணீர் நிரப்பிய இரண்டு பிளாஸ்டிக் பாட்டிலை ரோட்டில் வைத்து, இடது சக்கரத்தை அதை ஒட்டிக் கொண்டுபோகப் பாருங்கள். இறங்கிப் போய் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று கண்ணால் பாருங்கள், மறுபடி ஏறுங்கள். இரண்டு காலையில் வந்துவிடும். பார்வை பானட்டின் நுனியில் நிற்காமல் தூரத்தில் இருக்கட்டும்.

ஆட்டோமேட்டிக் வாங்கினால் பயம் போய்விடுமா என்று வாரத்துக்கு ஒருவர் கேட்கிறார். ஆஃப் ஆகும் பயம் போகும். தாராளமாக வாங்குங்கள். ஆனால் பதற்றத்தில் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அந்த வண்டி பாய்ந்துவிடும், கிளட்ச் வந்து காப்பாற்றாது. இடது காலை ஓரமாக ஓய்வில் வையுங்கள். இரண்டு பெடலுக்கும் வலது கால் மட்டுமே. குதிகால் பிரேக்குக்கு நேராகத் தரையில் இருக்கட்டும், ஆக்ஸிலேட்டருக்கு முன்பாதம் மட்டும் திரும்பட்டும்.

பயம் போக மாத்திரை போட்டுக்கொண்டு வகுப்புக்கு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். வேண்டவே வேண்டாம். தூக்கம் தரும் எந்த மாத்திரையும் காலை மந்தமாக்கும். அன்று நான் ஸ்டியரிங் தரமாட்டேன். வண்டியில் ஏறினாலே மூச்சு முட்டுகிறது, தலை சுற்றுகிறது, முன்பு பார்த்த விபத்து கண்ணில் வந்து நிற்கிறது என்றால் அது நான் சரிசெய்யும் விஷயம் இல்லை. மருத்துவரைப் பாருங்கள், அப்புறம் வாருங்கள். நான் இங்கேதான் இருப்பேன்.

இப்போது பக்கத்து சீட்டில் உட்காருபவர்களுக்கு. கெஞ்சிக் கேட்கிறேன், வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள். "பாத்து, பாத்து" என்பதில் ஓட்டுபவருக்கு எந்தத் தகவலும் இல்லை. எதைப் பார்க்க? "இடது பக்கம் ஒரு ஸ்கூட்டர் வருது" என்றால் உபயோகம். டேஷ்போர்டைப் பிடிக்காதீர்கள், இல்லாத பிரேக்கை மிதிக்காதீர்கள், ஸ்டியரிங்கில் கை வைக்கவே வைக்காதீர்கள். திட்ட வேண்டியிருந்தால் வீட்டுக்கு வந்து, வண்டியை நிறுத்தி, டீ குடித்த பிறகு சொல்லுங்கள். எல்.எல்.ஆர் (பழகுநர் உரிமம்) மட்டும் இருப்பவரோடு லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும், எல் போர்டும் வேண்டும், அது சட்டம். ஆனால் பக்கத்தில் இருப்பவர் நீங்களாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. உங்களால் பொறுமையாக இருக்க முடியாது என்று தெரிந்தால் தங்கையையோ தோழியையோ அனுப்புங்கள்.

லைசென்ஸ் வந்த பிறகு ஒரே ரோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து மளிகைக் கடை, அல்லது கோவில். அதே ரோடு, காலை ஆறு மணி, ஒரு வாரம். அடுத்த வாரம் ஏழு மணி. மழையும் இருட்டும் அதற்குப் பிறகு. பின் கண்ணாடியில் "புதிய ஓட்டுநர்" என்று பெரிதாக ஒட்டுங்கள், பாதிப் பேராவது விட்டுக்கொடுப்பார்கள். கோல்டுவின்ஸிலிருந்து உப்பிலிபாளையம் வரையுள்ள பெரிய மேம்பாலம் 10 கிலோமீட்டர் நீளம். நடுவில் ஓரங்கட்டி மூச்சு விட வசதியில்லை, அதற்கு இப்போது அவசரமும் இல்லை. முக்கியமாக, பழகுவதில் நாள் இடைவெளி விடாதீர்கள். வாரத்தில் ஐந்து நாள் இருபது நிமிடம் ஓட்டுபவர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் ஓட்டுபவரைவிடச் சீக்கிரம் தேறுவதை நான் கண்ணால் பார்க்கிறேன்.

நேற்று ஞாயிறு, அந்த ஆசிரியை தன் சொந்த வண்டியை எடுத்தார். காலை ஆறு மணி. பக்கத்தில் நான், பின் சீட்டில் கணவர். வீட்டிலிருந்து அவருடைய பள்ளிக்கூட கேட் வரை, மூன்று கிலோமீட்டர். வழியில் ஒரு வேகத்தடையில் வண்டி ஆஃப் ஆனது. பின்னால் பால் வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். கணவர் வாயைத் திறந்தார், கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார், மூடிக்கொண்டார். பிரேக், கிளட்ச், நியூட்ரல், சாவி. வண்டி கிளம்பியது.

வரும் ஞாயிறும் அதே ரோடுதான். ஏழு மணிக்குப் போகலாம் என்றேன். "எட்டுக்குப் போலாங்கக்கா, கோயிலுக்குக் கூட்டம் வர ஆரம்பிச்சுரும், பழகிக்கறேன்" என்றார்.