பெயர்ந்த சில்லின் பின்பக்கத்தைப் பாருங்கள்: நீச்சல் குள மறுபூச்சுத் தகராறுகள்

மறுபூச்சு போட்டுச் சில மாதம்கூட ஆகவில்லை, தரை காலில் சொரசொரவென்று படுகிறது, படிக்கட்டு ஓரத்தில் பூச்சு உரிகிறது, சுவரில் திட்டுத் திட்டாகச் சாம்பல் நிறம். இப்படிச் சொல்லி என்னை அழைப்பவர்கள் பெரும்பாலும் அடுத்து ஒன்றைச் சொல்வார்கள்: “காண்ட்ராக்டரைக் கேட்டால், நீங்கள் தண்ணீரைச் சரியாகப் பராமரிக்கவில்லை என்கிறார்.”

கட்டடக் குறைபாடுகளைச் சோதித்து அறிக்கை தருவது என் வேலை. நீச்சல் குளத் தகராறுகளில் வீட்டுக்காரர் தோற்றுப்போகும் இடம் பெரும்பாலும் இதுதான். தண்ணீரின் ரசாயனம் அவருக்குத் தெரியாது. கையில் பழைய அளவுக் குறிப்பும் இருக்காது. ‘ஒருவேளை நம் மேல்தான் தப்போ’ என்ற சந்தேகம் வந்ததும் பேச்சு அடங்கிவிடுகிறது. அப்படி அடங்க வேண்டியதில்லை. தண்ணீர் செய்த சேதத்துக்கு ஒரு தோற்றம் உண்டு, கை செய்த பிழைக்கு வேறொரு தோற்றம் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியும்.

முதலில் தண்ணீரின் கதை. குளத்துப் பூச்சு என்பது பெரும்பாலும் வெள்ளை சிமெண்டும் பளிங்குத் தூளும் சேர்ந்த கலவை. தண்ணீரில் கால்சியம் போதாமலோ, பிஎச் (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்) இறங்கியோ இருந்தால், தனக்கு வேண்டிய கால்சியத்தை அது பூச்சிலிருந்தே கரைத்து எடுத்துக்கொள்ளும். அளவு மீறியிருந்தால் எதிர்மாறாக, மேலே சுண்ணாம்புப் படிவம் கட்டும். பிஎச் 7.2 முதல் 7.8 வரை, காரத்தன்மை (பிஎச் சட்டென்று மாறாமல் தாங்கும் திறன்) 80 முதல் 120 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வரை, கால்சியம் கடினத்தன்மை 200 முதல் 400 பிபிஎம் வரை என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட எல்லை. இவற்றோடு வெப்பநிலையையும் கரைந்திருக்கும் உப்புகளின் அளவையும் சேர்த்து ஒரே எண்ணாகக் கணக்கிடும் முறையை 1936-இல் லாங்கலியர் என்ற பொறியாளர் குடிநீர்க் குழாய்களுக்காக உருவாக்கினார். இன்று குளங்களுக்கும் அதே குறியீட்டைத்தான் பார்க்கிறோம். அந்த எண் மைனஸ் 0.3-க்கும் பிளஸ் 0.3-க்கும் நடுவில் இருந்தால் தண்ணீர் பூச்சைத் தொந்தரவு செய்யாது.

இதில் வீட்டுக்காரர் பிடித்துக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. குளத்தில் தண்ணீர் எங்கும் ஒரே தண்ணீர்தான். பம்பு ஓட ஓட அது கலந்துகொண்டே இருக்கிறது. அந்தத் தண்ணீர் பூச்சை அரித்தது என்றால், மூழ்கியிருக்கும் பரப்பு முழுவதையும் ஏறக்குறைய ஒரே மாதிரி அரித்திருக்க வேண்டும். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே டைல் இருந்தால், அதன் இடுக்கில் உள்ள சிமெண்ட் கிரவுட்டும் அரிக்கப்பட்டிருக்க வேண்டும். ஒரு சுவர் வழவழப்பாகவும் அதற்கு எதிர்ச்சுவர் சொரசொரப்பாகவும் இருந்தால், பூச்சுக் கரண்டி போன வளைவுகளிலேயே கறை ஓடியிருந்தால், ஒரு திட்டு மட்டும் பெயர்ந்து அதைச் சுற்றிப் பூச்சு உறுதியாக இருந்தால், தண்ணீர் மேல் பழி போடுவது நிற்காது. தண்ணீருக்கு ஒரு சுவரை மட்டும் தேர்ந்தெடுக்கத் தெரியாது.

அப்புறம் சில்லு. அண்மையில் பார்த்த ஒரு குளத்தில், படிக்கட்டின் விளிம்பிலிருந்து உள்ளங்கை அளவுக்கு ஒரு துண்டு பெயர்ந்து வந்திருந்தது. நல்லவேளையாக வீட்டுக்கார அம்மா அதைத் தூக்கிப் போடாமல் ஒரு டப்பாவில் எடுத்து வைத்திருந்தார். திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வழவழவென்று இருந்தது, விளிம்பில் மெல்லிய நீலத் தீற்றல். பழைய குளத்துக்கு எப்போதோ அடித்திருந்த நீலப் பெயிண்ட் அது. பெயிண்டைச் சுரண்டாமல், கொத்திவிடாமல், அதன் மேலேயே புதுப் பூச்சை இழுத்துவிட்டிருக்கிறார்கள். பூச்சு பிடித்துக்கொண்டது பெயிண்டைத்தான், சுவரை அல்ல. அந்தத் துண்டைப் பார்த்த பிறகு காண்ட்ராக்டர் பிஎச் பற்றிப் பேசவில்லை.

சில்லின் பின்பக்கம் எப்போதும் எதையாவது சொல்லும். பழைய பூச்சின் கரடுமுரடான துணுக்குகள் அதில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தால், புதுப் பூச்சு நன்றாகவே பிடித்திருக்கிறது, அடியில் இருந்த பழைய அடுக்குதான் பலவீனம் என்று அர்த்தம். அப்படிப்பட்ட பழைய அடுக்கை எடுக்காமல் விட்டது யார் என்பது அடுத்த கேள்வி. பின்பக்கம் மழமழப்பாகவோ, தூசி படிந்தோ, பெயிண்ட் ஒட்டியோ இருந்தால் பிடிப்பே ஏற்படவில்லை. ஆகவே பெயர்ந்து விழும் எதையும் தேதி எழுதிப் பையில் போட்டு வையுங்கள்.

இன்னும் பெயராத இடத்தையும் கண்டுபிடிக்கலாம். சின்னச் சுத்தியலின் கைப்பிடியாலோ உலோகக் கம்பியாலோ மெதுவாகத் தட்டிக்கொண்டே போனால், பிடிப்புள்ள இடம் கெட்டியாக ஒலிக்கும். பிடிப்பு விட்ட இடத்தில் ‘பொத் பொத்’ என்று பொள்ளலான சத்தம் வரும். ஆழமில்லாத பகுதியிலும் படிகளிலும் தண்ணீர் இருக்கும்போதே இதைச் செய்யலாம். எங்கெங்கே சத்தம் மாறுகிறதோ, அதைக் குளத்தின் வரைபடத்தில் குறித்துவையுங்கள். சிறு கால்சியக் கட்டிகள் பரு போலப் புடைத்திருந்தாலும் அந்த இடத்தைத் தட்டிப் பாருங்கள். பூச்சுக்கு அடியில் உள்ள வெற்றிடத்துக்குள் நுண்விரிசல் வழியே தண்ணீர் போய், சிமெண்டிலிருந்து கால்சியத்தைக் கரைத்துக்கொண்டு வெளியே வந்து படியும்போது அப்படிக் கட்டிகள் உருவாகின்றன. பிடிப்பு விட்டிருப்பதற்கு அதுவும் ஓர் அடையாளம்.

சாம்பல் திட்டுகள் வேறு விஷயம். பூச்சு சீக்கிரம் இறுக வேண்டும் என்பதற்காகக் கலவையில் கால்சியம் குளோரைடு சேர்ப்பார்கள். சிமெண்ட் எடையில் 2 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது வழக்கமான வரம்பு. அதற்கு மேல் போனால் நிறம் மங்கும், திட்டுத் திட்டாகும். பூச்சு இறுகிய பிறகு மறுபடி மறுபடி கரண்டியால் தேய்த்தாலும் கருமை ஏறும். கரண்டி ஓட்டுவதற்கு எளிதாக மேலே தண்ணீர் தெளித்துத் தேய்த்தால் மேல்தோல் பலவீனப்பட்டுப் பின்னால் உதிரும். வெயிலும் காற்றும் அடிக்கும் நாளில் பூச்சு வேகமாகக் காய்ந்தால் வலை போல மெல்லிய விரிசல்கள் ஓடும். இந்த மெல்லிய விரிசல் பெரும்பாலும் பார்வைக் குறைதான். இதற்காகக் குளம் முழுவதையும் பெயர்க்கச் சொல்லிக் கேட்பது நியாயமாகாது.

நியாயம் என்று வந்த பிறகு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் பக்கம் தவறிருந்த குளங்களையும் பார்த்திருக்கிறேன். ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து பரப்பாமல் சுவரோரமாக ஒரே இடத்தில் ஊற்றினால், ஊற்றிய இடத்திலிருந்து கீழே வழிந்தது போலக் கோடு விழும். குளோரின் மாத்திரையைத் தரையில் போட்டுவிட்டால் அது கரைந்த இடம் வெளுத்துக் குழியும், ஏனென்றால் அந்த மாத்திரை வகைகள் பல கடுமையான அமிலத்தன்மை கொண்டவை. நீலப்பச்சைக் கறை இருந்தால் தாமிரம் என்று சந்தேகிக்கலாம். பிஎச் இறங்கிய தண்ணீர் ஹீட்டரின் தாமிரக் குழாயை அரித்திருக்கலாம், அல்லது பாசி மருந்தில் தாமிரம் இருந்திருக்கலாம். இப்படி ஏதாவது நடந்திருந்தால் முதலிலேயே ஒத்துக்கொள்ளுங்கள். சோதனையில் அது தெரிந்துவிடும், தெரிந்த பிறகு உங்களுடைய உண்மையான புகாரையும் யாரும் நம்பமாட்டார்கள்.

அதேபோல, குளத்தின் கான்கிரீட் ஓட்டிலேயே விரிசல் இருந்தால் எவ்வளவு நன்றாகப் பூசினாலும் அந்த விரிசல் மேலே வரும். ஓட்டைச் சரிசெய்வது மறுபூச்சு ஒப்பந்தத்தில் இல்லையென்றால் அதைப் பூச்சுக்காரர் தலையில் கட்ட முடியாது. ஆனால் பழைய பூச்சை எடுத்ததும் விரிசல் அவர் கண்ணில் பட்டிருக்கும். பார்த்ததும் எழுத்தில் சொன்னாரா என்று கேட்கலாம்.

மறுபூச்சில் பணத்தில் பெரும்பகுதி போக வேண்டியது கண்ணுக்குத் தெரியாத வேலைக்குத்தான். பொள்ளல் சத்தம் வரும் பழைய பூச்சு முழுவதும் எடுக்கப்பட வேண்டும். பெயிண்ட் இருந்தால் போக வேண்டும். டைல் வரிசைக்குக் கீழேயும், விளக்கு, வடிகால் வாய், தண்ணீர் திரும்பி வரும் வாய் ஆகியவற்றைச் சுற்றியும் பழைய பூச்சை வெட்டி எடுத்து, புதுப் பூச்சு முழுக் கனத்தில் உட்கார இடம் விட வேண்டும். இல்லையென்றால் அந்த விளிம்புகளில் பூச்சு காகிதம் மாதிரி மெலிந்து முதலில் அங்கேதான் பெயரும். மீதிப் பரப்பு கொத்தி, கழுவி, பிடிப்புப் பூச்சு அடித்த பிறகுதான் மேல்பூச்சு. அதன் கனம் பொதுவாக 10 முதல் 12 மில்லிமீட்டர். கொத்திவிட்ட பரப்பை ஒரு நாள் மட்டும்தான் பார்க்க முடியும். அன்று நீங்களே இறங்கிப் போய், ஒவ்வொரு சுவரையும் படம் எடுங்கள். அந்தப் படங்கள் இருந்தால் பல தகராறுகள் தொடங்கவே தொடங்காது.

பூச்சுக்குப் பதில் எபாக்சி என்ற பிசின் வகைப் பெயிண்ட் அடிக்கும் குளங்களில் பகை ஈரம். சதுரமாக ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டிச் சுவரில் குறைந்தது 16 மணி நேரம் விட்டுவிட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். அடியில் ஈரம் கட்டியிருந்தால் பெயிண்ட் அடிக்கக் கூடாது. அடித்தால் கொப்புளம் வரும். பழையது குளோரினேட்டட் ரப்பர் பெயிண்டாக இருந்து அதன் மேல் எபாக்சி அடித்தாலும் உரியும். பழைய பெயிண்டின் வகையைச் சோதித்தாரா என்று வேலைக்கு முன்பே கேளுங்கள்.

தண்ணீர் நிரப்பும் நாளும் அதற்குப் பிறகான முதல் மாதமும்தான் அதிகம் சண்டை பிறக்கும் காலம். நிரப்பத் தொடங்கினால் நடுவில் நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் அந்த மட்டத்தில் வளையம் போலக் கறை நின்றுவிடும். குழாய் முனையைத் துணியால் சுற்றி ஆழமான இடத்தில் வைக்க வேண்டும். புதுப் பூச்சு கால்சியம் ஹைட்ராக்சைடை வெளியேற்றுவதால் முதல் வாரங்களில் பிஎச் தானாகவே ஏறிக்கொண்டிருக்கும். தினமும் அளந்து சரிசெய்யவும், பூச்சிலிருந்து வரும் வெள்ளைத் தூசியைப் பிரஷ்ஷால் தேய்த்து விடவும் வேண்டும். உப்பிலிருந்து குளோரின் எடுக்கும் உப்பு வகைக் குளமாக இருந்தால் உப்பைச் சேர்க்க 28 நாள் காத்திருப்பது வழக்கம். இந்த மாதத்துக்கு யார் பொறுப்பு, காண்ட்ராக்டரா வீட்டுக்காரரா, பராமரிப்பு ஆளா? ஒப்பந்தத்தில் இந்த ஒரு வரி இல்லாததால்தான் பலர் என்னிடம் வருகிறார்கள். காண்ட்ராக்டர் பொறுப்பில் விட்டால் அளவுகளை எழுதி வாங்குங்கள். உங்கள் பொறுப்பு என்றால் ஒரு நோட்டில் தேதி போட்டு நீங்களே எழுதுங்கள், சோதனைப் பட்டையைப் படமும் எடுத்து வையுங்கள். ‘தண்ணீர்தான் காரணம்’ என்று அவர் சொல்லும்போது அந்த நோட்டை நீட்டினால் போதும்.

குறை தெரிந்துவிட்டது, என்ன செய்வது? கோபத்தில் வேறு ஆளை அழைத்து உடனே பெயர்த்துவிடாதீர்கள். பெயர்த்தால் ஆதாரமும் சேர்ந்து போகிறது. பல ஒப்பந்தங்களில் குறையைச் சரிசெய்ய முதல் வாய்ப்பு காண்ட்ராக்டருக்குத் தரப்பட வேண்டும் என்றும் இருக்கும். முதலில் குறைகளை இடம் குறிப்பிட்டு எழுத்தில் தெரிவியுங்கள், வந்து பார்க்க நியாயமான கால அவகாசம் கொடுங்கள். தொலைபேசியில் பேசியதையும் அன்றே ஒரு மின்னஞ்சலாக எழுதி அனுப்புங்கள். மீதிப் பணத்தை நிறுத்தி வைப்பதாக இருந்தால், எந்தக் குறைக்காக, எவ்வளவு என்பதைச் சொல்லி நிறுத்துங்கள். காரணம் சொல்லாமல் முழுவதையும் நிறுத்தினால் ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள் என்று அவர் திருப்பிவிடலாம். உத்தரவாதப் பத்திரத்தையும் ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். நிறமாற்றம், தண்ணீர் ரசாயனம் இரண்டையும் விலக்கி வைத்திருப்பார்கள், ஆனால் பிடிப்பு விடுவதை விலக்கியிருப்பது அரிது. ஆகவே புகாரில் ‘குளம் அசிங்கமாக இருக்கிறது’ என்று எழுதாமல், ‘இன்னின்ன இடங்களில் பூச்சு சுவரை விட்டுப் பிரிந்திருக்கிறது’ என்று எழுதுங்கள்.

அப்படியும் ஒத்துவராவிட்டால் இரண்டு பக்கமும் சாராத ஒரு நிபுணரிடம் அறிக்கை வாங்குங்கள். தொகை பெரிதாக இருந்தால் ஆய்வகச் சோதனைக்கும் செலவு செய்வது தகும். பூச்சின் பிடிப்பு வலிமையை இழுத்துப் பார்த்து அளக்கும் சோதனை இருக்கிறது. வெட்டி எடுத்த துண்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்க, ஏஎஸ்டிஎம் என்ற தர நிர்ணய அமைப்பின் சி856 முறையும் இருக்கிறது. கலவையில் தண்ணீர் கூடியதா, மேல்தோல் பலவீனமா, அரிப்பு எவ்வளவு ஆழம் என்று அதில் தெரியும். நுகர்வோர் ஆணையமோ நீதிமன்றமோ, எங்கே போனாலும் இந்தத் தாள்கள்தான் பேசும்.

சமரசத்துக்கு வரும் காண்ட்ராக்டர் பெரும்பாலும் ‘கெட்ட இடத்தை மட்டும் ஒட்டுப் போட்டுத் தருகிறேன்’ என்பார். ஒட்டின் நிறம் பழைய பூச்சோடு ஒருபோதும் சேராது. பொள்ளல் சத்தம் ஓரிரண்டு இடத்தில் மட்டும் என்றால் ஒத்துக்கொள்ளலாம். வரைபடத்தில் நாலாபக்கமும் குறிகள் இருந்தால் முழு மறுபூச்சைத்தான் கேட்க வேண்டும். புது வேலைக்கான உத்தரவாதம் புதுத் தேதியிலிருந்து தொடங்கும் என்றும் எழுதி வாங்குங்கள்.

குளத்தைக் காலி செய்யும் பொறுப்பும் அதே காகிதத்தில் அவர் பேரில் இருக்கட்டும். நிலத்தடி நீர் உயர்ந்திருக்கும் காலத்தில் வெறும் குளத்தை அடியில் உள்ள நீர் மேலே தூக்கிவிடும். ஓடே வெடித்துப் போன குளங்கள் உண்டு, அப்படி நடந்தால் பூச்சுத் தகராறு சின்ன விஷயமாகிவிடும். மழைக்குப் பின்னால் வேண்டாம், அடித்தளத்தில் உள்ள அழுத்தம் விடும் வால்வு வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகே இறைக்க வேண்டும், பூச்சு முடிந்ததும் தாமதமின்றி நிரப்ப வேண்டும் என்ற மூன்றையும் அதில் சேர்த்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.