ஐந்தரை மணி நேரப் பிழை

காற்றாலை நிறுவனம் ஒன்றில் வானிலைக் கணிப்பு வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் நிற்கும் காற்றாலைகள் நாளை எவ்வளவு மின்சாரம் தரும் என்று இன்றே எழுதித் தர வேண்டும். மின்தொகுப்புக் கணக்கில் ஒரு நாள் என்பது பதினைந்து நிமிடம் கொண்ட 96 துண்டுகள். துண்டுக்கு ஓர் எண். நான் தந்த அட்டவணையில் காற்று ஏறுவதும் தணிவதும் அச்சு அசலாக இருந்தன. ஆனால் எல்லாமே 22 துண்டுகள் முன்னால் வந்து நின்றன. வானிலையைக் கணக்கிட்டுச் சொல்லும் கணினி மாதிரி தரும் நேரம் உலகப் பொது நேரம். இந்திய நேரத்துக்கு அதனுடன் ஐந்தரை மணியைக் கூட்ட வேண்டும். நான் கூட்டவில்லை.

அப்போது என்னிடம் இணையவழிப் பயிற்சிச் சான்றிதழ்கள் மூன்று இருந்தன. பைத்தானில் நிரல் எழுதுவேன், காற்றோட்டத்தை வண்ண வண்ணமாக வரைவேன். வரைந்த படத்தை மறுநாள் நடந்ததோடு வைத்துப் பார் என்று அந்த மூன்றில் ஒன்றுகூட என்னிடம் சொன்னதில்லை.

இப்போது வார இறுதிகளில் நானே இணையத்தில் வகுப்பு எடுக்கிறேன். கல்லூரி மாணவர்கள், விவசாயிகள், படகு உரிமையாளர்கள், வானத்தைப் பார்ப்பதே பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் என்று பலர் வருகிறார்கள். முதல் நாளே அவர்களிடம் சொல்லிவிடுவேன்: பாடத்துக்காக என்னிடம் பணம் கட்டாதீர்கள். அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரிலிருந்து இயங்கும் காமெட் குழுவின் ‘மெட்எட்’ தளத்தில் ஈரப்பதம் முதல் புயல் வரை பாடங்கள் இருக்கின்றன. செயற்கைக்கோள் படம் வாசிக்க ஐரோப்பாவின் ‘யூமெட்ரெய்ன்’ இருக்கிறது. இன்சாட் படங்களை இஸ்ரோவின் ‘மோஸ்டாக்’ தருகிறது. 1940 முதல் மணிக்கு மணி உலக வானிலையைத் தொகுத்திருக்கும் ஈரா5 தரவு இலவசம். அதைத் திறந்து பார்க்க நாசாவின் ‘பனோப்ளி’ மென்பொருளும் இலவசம். அரசுத் துறையில் கணிப்பாளராக வேண்டும் என்றால் அது வேறு பாதை. புனேயில் உள்ள பயிற்சி நிலையத்தில் மாதக் கணக்கில் உட்கார வேண்டும். வார இறுதி வகுப்பு முடித்தவர் வானிலையாளர் ஆகிவிட மாட்டார், நான் எடுக்கும் வகுப்பானாலும் சரி.

சிக்கல் கருவியில் தொடங்குகிறது. கருவி கேள்வி கேட்காமல் படம் வரைந்து கொடுத்துவிடும். ஈரா5 தரவில் மழை மீட்டரில் இருக்கும். 0.048 என்று கண்டதும் ஒரு மாணவர் ‘தூறல்’ என்று எழுதினார். அது 48 மில்லிமீட்டர், அதாவது தெரு நிறையத் தண்ணீர். காற்றைக் கிழக்கு-மேற்கு, வடக்கு-தெற்கு என இரண்டு கூறுகளாகப் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். அவற்றைச் சேர்த்துத் திசை கண்டுபிடிக்கும்போது காற்று எங்கே போகிறது என்பதுதான் முதலில் கிடைக்கும். நாம் பெயர் வைப்பதோ எங்கிருந்து வருகிறது என்பதை வைத்து. இதைக் கவனிக்காத ஒருவர் நவம்பர் மாத வங்கக் கடலில் தென்மேற்குப் பருவக்காற்றை வீசச் செய்துவிட்டார். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அப்படி ஒரு படத்தை மீனவர் யாரிடமாவது காட்டியிருந்தால் சிரித்திருப்பார். மாணவருக்கு அது உறைக்கவில்லை. படம் அழகாக இருந்ததே!

எல்லாவற்றையும்விடப் பெரிய குழப்பம் ‘ஒரு நாள் மழை’ என்ற சொல்லில் இருக்கிறது. இந்திய வானிலை ஆய்வு மையத்தின் மழை நாள் காலை 8.30 மணிக்கு முடிகிறது. கணினியில் சாதாரணமாக ‘நாள்’ என்று கூட்டினால் அது உலகப் பொது நேர நள்ளிரவில், அதாவது நம் காலை 5.30 மணிக்கு முடிந்துவிடும். இடையில் மூன்று மணி நேரம். ராஜஸ்தானில் அது பெரிய விஷயமாக இல்லாமல் போகலாம். சென்னைக் கடற்கரையில் அப்படியில்லை. ஐப்பசி, கார்த்திகையில் பின்னிரவில் பிடித்த மழை விடிந்தும் கொட்டும். அந்த மூன்று மணி நேர மழை தவறான நாளில் போய் உட்கார்ந்ததும், ‘மாதிரி கோட்டை விட்டது’ என்று கட்டுரையே எழுதிவிடுகிறார்கள். கோட்டை விட்டது கூட்டல் கணக்கு.

இன்னொன்று, கட்டத்தின் அளவு. இத்தகைய தரவு உலகைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு சராசரி எண்ணைத் தரும். ஈரா5 தரவின் ஒரு கட்டம் கால் பாகை, ஏறத்தாழ 28 கிலோமீட்டர். 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. அது ஒரு மழைமானியில் விழுந்த மழை. கட்டத்தின் சராசரியில் அந்த எண்ணைத் தேடினால் கிடைக்காது. கிடைக்கவில்லை என்பதற்காக மழைமானி பொய் சொல்கிறது என்று முடிவு கட்டியவர்களும் உண்டு.

அடுத்து, பகிர்வது. அமெரிக்க ஜிஎஃப்எஸ் மாதிரி நாளுக்கு நான்கு முறை ஓடுகிறது; ஒவ்வொரு முறையும் 16 நாள் வரை படம் தருகிறது. பன்னிரண்டாம் நாள் படத்தில் வங்கக் கடலில் ஒரு சுழி தெரிந்ததும் ‘சென்னையை நோக்கிப் புயல்’ என்று வாட்ஸ்அப்பில் பரவிவிடும். ஆறு மணி நேரம் கழித்து வரும் அடுத்த ஓட்டத்தில் சுழியே இருக்காது. அதை யாரும் பகிர்வதில்லை. ஐரோப்பிய வானிலைக் கணிப்பு மையம் ஒரே கணிப்பைத் தொடக்க நிலைகளைச் சற்றே மாற்றி மாற்றி 51 விதமாக ஓட்டுவது இதற்காகத்தான். 51 பாதைகளும் ஒரே இடத்தில் குவிந்தால் பேசலாம். விசிறிபோல் விரிந்து கிடந்தால் வாயைத் திறக்கக் கூடாது.

2024 அக்டோபரில் சென்னைக்குச் சிவப்பு எச்சரிக்கை விடப்பட்டபோது வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்தினார்கள். 16ஆம் தேதி எதிர்பார்த்த மழை நகருக்கு வரவில்லை. கேலி செய்தவர்கள் ஏராளம். என்னைக் கேட்டால் கார் நிறுத்தியவர்கள் செய்ததுதான் சரி. முந்தைய ஆண்டு மிக்ஜாம் வெள்ளத்தில் வண்டியைப் பறிகொடுத்தவருக்கு ஓர் இரவு மேம்பாலத்தில் நிறுத்துவது பெரிய செலவா?

கணிப்பு பலித்ததா இல்லையா என்பதை எப்படி அளப்பது என்பதே ஒரு தனிப் பாடம். 1884இல் அமெரிக்காவில் ஜான் ஃபின்லே என்பவர் சூறைச்சுழல் (டொர்னாடோ) கணிப்பில் தமக்கு 96.6 சதவீதம் வெற்றி என்றார். தினமும் ‘வராது’ என்று சொல்லியிருந்தால் 98.2 சதவீதம் கிடைத்திருக்கும் என்று கில்பர்ட் என்ற அமெரிக்க நிலவியலாளர் கணக்குப் போட்டுக் காட்டினார். சென்னையில் பிப்ரவரி முழுக்க ‘இன்று மழை இல்லை’ என்று சொல்லி நானும் அப்படிப் பேர் வாங்கலாம். ஆகவே ‘எங்கள் கணிப்பு 95 சதவீதம் துல்லியம்’ என்று விளம்பரம் செய்யும் பயிற்சியைக் கண்டால், எதற்கு எதிரே 95 என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

என் வகுப்பில் வீட்டுப்பாடம் ஒன்றுதான். காலை 5.30 மணிக்கு மீனம்பாக்கத்தில் மேலே உள்ள காற்றை அளக்கப் பறக்கவிட்ட பலூனின் தரவு இணையத்தில் வந்துவிடும். நிலைய எண் 43279. தெற்கே இருப்பவர்கள் தங்களுக்கு அருகிலுள்ள நிலையத்தைப் பார்க்கலாம். அதைப் பார்த்துவிட்டு, செயற்கைக்கோள் படத்தையும் பார்த்துவிட்டு, மாதிரியைத் திறக்கும் முன்பே ஒரு வரி எழுத வேண்டும்: நாளை காலை 8.30 மணிக்குள் நம் ஊரில் மழை உண்டா, இல்லையா. மறுநாள் நான்கு கட்டங்களில் ஒன்றில் கோடு போட வேண்டும். சொன்னேன், வந்தது. சொன்னேன், வரவில்லை. சொல்லவில்லை, வந்தது. சொல்லவில்லை, வரவில்லை. பாதிப் பேர் பத்தாம் நாளே விட்டுவிடுவார்கள். நிரல் எழுதும் பாடம் எப்போது வரும் என்று கேட்பார்கள்.

விடாமல் எழுதுபவர் தூத்துக்குடியில் உப்பளம் வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சி. பைத்தான் தெரியாது, கற்றுக்கொள்ளும் எண்ணமும் இல்லை. ‘51 கணிப்பில் பத்து மழை காட்டினாலே நான் ஆள் வைத்து உப்பை வாரிவிடுவேன் தம்பி. வராவிட்டால் ஒரு நாள் கூலி போச்சு. வந்துவிட்டால் பாத்தியே போச்சு’ என்றார். மூன்று வாரம் நான் நடத்தவிருந்த பாடத்தை மூன்று வரியில் முடித்துவிட்டார்.

போன வாரம் அவர் அனுப்பிய நோட்டுப் பக்கத்தில் ‘சொன்னேன், வரவில்லை’ கட்டத்தில் ஆறு கோடுகள். ‘சொல்லவில்லை, வந்தது’ கட்டத்தில் ஒன்று. அந்த ஒன்றை மட்டும் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார்.