நல்கை: ‘கிராண்ட்’டைத் தமிழில் எப்படிச் சொல்வது?

டெல்டாவில் தொண்டு நிறுவனம் நடத்துகிறவர்கள் வாயில் அடிக்கடி வரும் சொல் ‘கிராண்ட்’: ஒரு பணிக்கென்று, திருப்பிக் கேட்காமல் தரும் பணம். 2004 சுனாமிக்கு அப்புறம் நாகப்பட்டினம் கடற்கரையிலும், 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் தென்னந்தோப்புகளைச் சாய்த்த பிறகும், சின்னச் சின்ன ஊர்ச் சங்கங்கள்கூட இந்தச் சொல்லைப் பழகிக்கொண்டன. தமிழில் எழுத உட்கார்ந்தால் மட்டும் பலர் ‘மானியம்’ என்று போட்டுவிடுகிறார்கள். இதற்குச் சரியான சொல் ‘நல்கை’.

மானியம், ‘மதிக்கத்தக்கது’ என்று பொருள்படும் ‘மான்ய’ என்ற வடசொல்லிலிருந்து வந்தது. கோயிலில் நாயனம் வாசிப்பவர் போன்ற ஊழியக்காரர்களுக்கு வரி நீக்கியோ குறைத்தோ விட்ட நிலம் மானியம். தஞ்சை வட்டாரத்தில் இப்படி நிறைய நிலம் இருந்தது. 1963-இல் சிறு இனாம் ஒழிப்புச் சட்டம் வந்து அதை ரயத்துவாரியாக, அதாவது உடையவரே அரசுக்கு நேராக வரி கட்டும் நிலமாக மாற்றியது. சொல் மட்டும் தங்கிவிட்டது. உர மானியம், பம்ப்செட் மானியம் என்று, விலையில் அரசு ஏற்கும் பங்கைக் குறிக்கிறது. சட்டப்பேரவையின் ‘மானியக் கோரிக்கை’ துறைகளின் செலவுக்குப் பணம் கேட்பது, அது வேறொரு பொருள். பல்கலைக்கழக மானியக் குழுவை ‘நல்கைக் குழு’ என்று எழுதுகிறவர்களும் உண்டு, நல்ல வழக்கம்.

நல்குதல் என்றால் கொடுத்தல், அருளுதல், அன்பு காட்டுதல். ‘நசை பெரிது உடையர் நல்கலும் நல்குவர்’ என்கிறது குறுந்தொகை 37-ஆம் பாட்டு. விரும்பி, மனமுவந்து தருவதுதான் நல்கை. ‘கிராண்ட்’டின் வேரும் பக்கத்தில்தான் இருக்கிறது: ‘நம்புதல்’ என்ற லத்தீன் வினையிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்த சொல் அது. ‘கிரெடிட்’டும் அதே வேர்தான்.

நம்பித் தருகிறவர் நிபந்தனையும் வைப்பார். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் அணையாமல் எரிய வேண்டிய ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள் விடப்பட்டதைப் பார்க்கலாம். ஆடுகளை ஏற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். இப்படி விட்ட ஆடுகளைச் சோழர் கல்வெட்டுகள் ‘சாவா மூவாப் பேராடு’ என்கின்றன. ஆடு செத்தாலும் கிழடானாலும் எண்ணிக்கை குறையக் கூடாது. எதற்காகக் கொடுத்தது, யார் பொறுப்பு, எவ்வளவு அளக்க வேண்டும், முதல் எது, எல்லாம் கல்லிலேயே இருக்கிறது. இன்றைய நல்கை ஒப்பந்தத்தில் இருப்பதும் இவைதான்.

நல்கை கேட்கிற நிறுவனத்துக்கான தகுதி விதிகளுக்கு வருவோம். பதிவுச் சான்று, நிறுவனத்துக்கு வரிவிலக்கும் நன்கொடையாளருக்கு வரிச் சலுகையும் தரும் வருமான வரித் துறைப் பதிவுகள் (1961 சட்டத்தில் ‘பன்னிரண்டு ஏ’, ‘எண்பது ஜி’), தணிக்கை செய்த கணக்கு ஆகியவற்றை நல்கை தரும் பெரும்பாலான அறக்கட்டளைகள் முதலில் கேட்கும். கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் சிஎஸ்ஆர் பணத்துக்கு 2021 ஏப்ரலிலிருந்து தனிப் பதிவு எண்ணும் தேவை. வெளிநாட்டு நல்கை என்றால், அதற்கான சட்டத்தில் வந்த 2020 திருத்தம் கடுமையானது: நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, வாங்கிய பணத்தை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுக்கவும் கூடாது.

காகிதத்தைச் சேர்த்துவிடலாம், ஒழுக்க விதியில்தான் நம் ஊரில் சிக்கல். புயலில் தோப்பு இழந்தவர்களுக்குக் கொடுக்கத் தென்னங்கன்று வாங்க வேண்டும். அறங்காவலரின் மச்சான் நர்சரி வைத்திருக்கிறார், கன்றும் நல்ல கன்று. “வெளியாள்கிட்ட ஏன் போகணும், நம்ம மாப்ளகிட்டயே வாங்கிடலாமே” என்று ஒருவர் சொல்லுவார். உறவை அறங்காவலர் முன்கூட்டியே எழுத்தில் சொல்லி, அந்தத் தீர்மானத்தில் கலந்துகொள்ளாமல் விலகி, மூன்று கொட்டேஷன் வாங்கிய பிறகு மச்சான் கடை தேறினால் பொதுவாகத் தடையில்லை. சொல்லாமல் வாங்கினால், லஞ்சமாக ஒரு ரூபாய்கூடக் கைமாறாவிட்டாலும் தவறுதான். தன்னுடைய அல்லது தன் ஆளுடைய நலனும் பொதுக் கடமையும் மோதும் இந்த நிலைக்கு ‘நலமுரண்’ என்று பெயர். அடுத்த முறை நல்கை கிடைக்காமல் போவது நிறுவனத்துக்கு. கன்று கிடைக்காமல் போவதோ கஷ்டப்படுகிற குடும்பத்துக்கு. அதனால்தான் இந்த விதியில் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்கிறேன்.

கொடுப்பவர் நல்கையாளர், வாங்குபவர் நல்கை பெறுநர். முடிவில் கொடுக்கும் கணக்கு, ‘பயன்பாட்டுச் சான்றிதழ்’. விண்ணப்பத்திலும் தீர்மானப் புத்தகத்திலும் இப்படியே எழுதலாம். மானியம் உரக்கடையில் இருக்கட்டும்.