கன்டினுவேஷன் ஸ்கூல் புள்ளிவிவரங்களைப் பார்த்துப் பயப்படும் பெற்றோருக்கு

பிள்ளைக்குக் கிரெடிட் (பாடங்களை முடித்தால் சேரும் புள்ளி) குறைகிறது, கன்டினுவேஷன் ஸ்கூலுக்கு (கிரெடிட்டில் பின்தங்கியவர்கள் படிப்பை முடிக்க உதவும் சிறிய மாற்று ஹைஸ்கூல்) மாற்றலாமா என்று ஹைஸ்கூலில் கேட்டால், கலிஃபோர்னியாவில் இருக்கும் நம் பெற்றோர் பெரும்பாலும் அன்றிரவே அந்தப் பள்ளியின் பெயரை இணையத்தில் தேடிவிடுகிறார்கள். கணக்கில் தேர்ச்சி மிகக் குறைவு, டிப்ளமோ (ஹைஸ்கூல் படிப்பை முடித்த சான்றிதழ்) வாங்கியவர்கள் பாதிப் பேர், இலவச மதிய உணவுத் தகுதி உள்ள ஏழைப் பிள்ளைகள் முக்கால்வாசி. இவ்வளவும் பார்த்துவிட்டு, "அங்கே மட்டும் வேண்டாம்" என்ற முடிவோடுதான் மாணவர்களுக்கு வழிகாட்டும் பள்ளிக் கவுன்சிலரான என்னிடம் வருகிறார்கள். அந்த எண்களில் பொய் இல்லை. ஆனால் பள்ளி எப்படிப் பாடம் நடத்துகிறது என்பதைவிட, அங்கே யாரை அனுப்புகிறோம் என்பதையே அவை அதிகம் சொல்கின்றன.

முதலில் டிப்ளமோ விகிதம். ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் நான்கு ஆண்டுகளில் முடித்தார்கள் என்பதே அந்தக் கணக்கு. மாணவர் நடுவில் பள்ளி மாறினால், பழைய பள்ளியின் கணக்கிலிருந்து நீங்கிப் புதிய பள்ளியின் கணக்கில் ஏறிவிடுவார். பல கல்வி மாவட்டங்கள் டிப்ளமோவுக்கு 220 கிரெடிட் அல்லது அதை ஒட்டிக் கேட்கின்றன. மூன்று வருடம் பெரிய ஹைஸ்கூலில் படித்து 90 கிரெடிட்டோடு பன்னிரண்டாம் வகுப்புக்குக் கன்டினுவேஷன் ஸ்கூலுக்கு வரும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். ஒரே வருடத்தில் 130 கிரெடிட் எடுப்பது யாருக்கும் கடினம். ஐந்தாம் ஆண்டில் அந்தப் பிள்ளை முடித்தாலும், புதிய பள்ளியின் நான்காண்டு விகிதத்தில் தோல்விதான். மூன்று வருடம் வைத்திருந்த பள்ளியின் விகிதத்தில் ஒரு கீறலும் விழாது. இது எனக்கு இன்றும் கோபம் வரவைக்கும் விஷயம். 2015இல் வந்த கூட்டரசு (அமெரிக்க மத்திய அரசு) கல்விச் சட்டப்படி, மூன்றில் ஒரு பங்கு மாணவர்களோ அதற்கு மேலோ டிப்ளமோ பெறாத பொது ஹைஸ்கூல்களை, மேம்பட உதவி தேவைப்படும் பள்ளிகள் என்று மாநிலம் அடையாளம் காண வேண்டும். அந்த வலையில் சிறிய மாற்றுப் பள்ளிகள் எளிதாகச் சிக்குகின்றன.

அடுத்தது தேர்வு முடிவுகள். ஆங்கிலம், கணக்கு இரண்டுக்குமான மாநிலத் தேர்வை ஹைஸ்கூலில் பதினோராம் வகுப்பு மட்டுமே எழுதுகிறது. சிறிய பள்ளியில் 14 பேர் எழுத வேண்டியிருக்கும் என்று வையுங்கள். ஒருவர் வராவிட்டாலே, தேர்வு எழுத 95% பேராவது வர வேண்டும் என்று சட்டம் எதிர்பார்ப்பது தவறிவிடும். ஒருவரின் மதிப்பெண் ஏறி இறங்கினாலே தேர்ச்சி விகிதம் 7 புள்ளி நகரும். "போன வருடத்தைவிடப் பாதியாகச் சரிந்துவிட்டதே" என்று பதறுகிறோம். ஆள் கணக்கில் பார்த்தால் நான்கிலிருந்து இரண்டாகக் குறைந்திருக்கும், அவ்வளவுதான். எழுதியவர்களில் பலர் அந்தப் பள்ளிக்கு வந்தே சில வாரங்கள்தான் ஆகியிருக்கும்.

இன்னொன்று: தனி மாணவர் அடையாளம் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகச் சிறிய குழுக்களின் முடிவை மறைத்துவிடுவார்கள். கூட்டரசு வெளியிடும் தரவில், 6 முதல் 15 பேர் வரை எழுதியிருந்தால் 50%க்குக் கீழா மேலா என்பது மட்டுமே கிடைக்கும். "50%க்குக் கீழ்" என்றால் 15 பேரில் 7 பேர் தேர்ச்சி பெற்றிருக்கலாம், ஒருவருமே பெறாமலும் இருக்கலாம். இதை வைத்து எந்த இணையதளமாவது பள்ளிக்கு ரேங்க் போட்டிருந்தால், அதை நம்பி ஒரு முடிவும் எடுக்காதீர்கள்.

மாணவர் பின்னணி அட்டவணைக்கு வருவோம். பெற்றோர் தயங்கித் தயங்கிக் கேட்பது இதைப் பற்றித்தான். "நம்ம பிள்ளைங்க யாருமே இல்லையே, மேடம்?" இந்திய, சீன, வியட்நாமியப் பிள்ளைகள் எல்லோரும் "ஆசியர்" என்ற ஒரே வரிசைக்குள் வருவார்கள், ஒன்றிரண்டு பேர் என்றால் சில அட்டவணைகளில் அந்த வரிசையில் எண்ணே இருக்காது. "வீடற்றவர்" என்று குறிக்கப்பட்டவர்களில், வாடகை கட்ட முடியாமல் உறவினர் வீட்டில் ஒண்டியிருக்கும் குடும்பத்துப் பிள்ளைகளும் உண்டு. வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள், குழந்தை பெற்ற மாணவிகள், நோயால் ஒரு செமஸ்டரை இழந்தவர்கள், மன அழுத்தத்தால் வகுப்புக்குள் கால் வைக்க முடியாதவர்கள் என்று பலரும் இங்கே படிக்கிறார்கள். இந்தப் பட்டியலில் கடைசி இரண்டு காரணங்கள் நம் வீடுகளிலும் உண்டு. வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான். ஏழைப் பிள்ளைகள் அதிகம் என்பதை ஆபத்தின் அறிகுறியாக வாசிப்பது அநியாயம் என்று நான் பெற்றோரிடம் நேரடியாகவே சொல்லிவிடுவேன்.

மாணவர் எண்ணிக்கையும் ஏமாற்றும். அது அக்டோபர் முதல் புதன்கிழமை எடுக்கும் கணக்கு. இந்தப் பள்ளிகளில் வருடம் முழுக்கப் பிள்ளைகள் வருவதும் போவதுமாக இருப்பார்கள். வருகைப் பதிவு இன்னும் மோசம். 10% நாட்கள் வராவிட்டால், அதாவது 180 நாளில் 18 நாள், "நெடுநாள் வராதவர்". முன்பு 70 நாள் போகாதவர் இங்கே வந்து 20 நாள் மட்டும் விடுப்பு எடுத்தால், அது பெரிய மீட்சி. அட்டவணையில் ஒரு மாற்றமும் தெரியாது.

ஆகவே பள்ளிக்கு நேரில் போய்க் கேளுங்கள். சென்ற ஆண்டு சீனியராக (பன்னிரண்டாம் வகுப்பில்) இருந்தவர்களில் எத்தனை பேர் டிப்ளமோ வாங்கினார்கள்? ஒரு மாணவர் ஒரு செமஸ்டரில் சராசரியாக எத்தனை கிரெடிட் எடுக்கிறார்? இங்கே வந்தபின் வருகை எவ்வளவு மாறுகிறது? ஒரு கவுன்சிலருக்கு எத்தனை மாணவர்கள்? யூசி (யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) பல்கலைக்கழகங்கள் கேட்கும் பாடங்கள் எல்லாம் இங்கே கிடைக்குமா என்பதையும் விசாரியுங்கள்; பல இடங்களில் கிடைக்காது. கம்யூனிட்டி காலேஜ் (இரண்டாண்டு பொதுக் கல்லூரி) வழியாகப் பல்கலைக்கழகம் போவதற்கு அது தடையில்லை.

உங்கள் உரிமையையும் தெரிந்துகொள்ளுங்கள். கலிஃபோர்னியாவில், மாணவரின் விருப்பத்துக்கு மாறாகக் கன்டினுவேஷன் ஸ்கூலுக்கு மாற்றுவதற்கு முன் பெற்றோருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். சந்திப்பு கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. இப்போது படிக்கும் பள்ளியின் ஊழியர் யாரும் அந்த இறுதி முடிவை எடுப்பதில் பங்கேற்கக் கூடாது. விருப்பத்தோடு மாறிய மாணவர், அடுத்த கல்வியாண்டின் தொடக்கத்தில் பழைய ஹைஸ்கூலுக்கே திரும்பலாம். கையெழுத்துப் போடுவதற்கு முன், படிவத்தில் "விருப்ப மாற்றம்" என்று இருக்கிறதா என்று பாருங்கள்.