டேப்பில் எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்தீர்களா?

பாரிமுனை தம்பு செட்டித் தெருவில் ஒரு கஸ்டம்ஸ் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ். பத்துப் பன்னிரண்டு பேர் வேலை செய்யும் இடம். மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன அறையில் ஒரு டவர் சர்வர், அதற்குள் எல்.டி.ஓ. டேப் டிரைவ், அதாவது கேசட் மாதிரியான கார்ட்ரிட்ஜில் இருக்கிற காந்த நாடாவில் பேக்கப்பை எழுதும் கருவி. டிரைவை மாட்டியது நான்தான், பேக்கப் ஸ்கிரிப்ட் எழுதியதும் நான்தான். எட்டு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலையில் ரெய்டில் (பல டிஸ்க்குகளைச் சேர்த்து, ஒன்று போனாலும் தாங்குகிற அமைப்பு) இருந்த இரண்டு டிஸ்க் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்விட்டது. "டேப் இருக்கு சார், பயப்படாதீங்க" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுக் கார்ட்ரிட்ஜைப் போட்டேன். ஸ்கேன் செய்து வைத்திருந்த பில் ஆஃப் என்ட்ரி, இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் வரிசையாக வந்தன. கணக்கு டேட்டாபேஸ் மட்டும் வரவில்லை. வேறு கார்ட்ரிட்ஜ் போட்டேன், அதிலும் இல்லை. எட்டு கார்ட்ரிட்ஜ் போட்டுப் பார்த்தேன், ஒன்றில்கூட இல்லை.

காரணம் ஒரே ஒரு எழுத்து. லினக்ஸில் ஒரே டேப் டிரைவுக்கு இரண்டு பெயர் உண்டு. எஸ்.டி.0 (st0) என்ற பெயரில் எழுதினால், வேலை முடிந்ததும் டேப் தானாக ஆரம்பத்துக்குச் சுற்றிக்கொண்டு போய்விடும். என்.எஸ்.டி.0 (nst0) என்று எழுதினால் முடிந்த இடத்திலேயே நிற்கும், அடுத்தது அதற்குப் பின்னால் எழுதப்படும். நான் முதலில் கணக்கையும் பிறகு ஸ்கேன் ஃபைல்களையும் எஸ்.டி.0-வுக்கே அனுப்பியிருந்தேன். அதாவது ஒவ்வொரு ராத்திரியும் கணக்கு ஒழுங்காக எழுதப்பட்டு, டேப் சுற்றப்பட்டு, அதன் தலையிலேயே ஸ்கேன் ஃபைல்கள் எழுதப்பட்டன. இரண்டு வேலையும் பிழையில்லாமல் முடிந்ததால் காலையில் 'பேக்கப் வெற்றி' என்று எனக்கு மெயிலும் வந்துகொண்டிருந்தது.

ஆடிட்டரிடம் இருந்த வருடக் கடைசி பிரதியை வைத்து, மீதியைக் காகிதத்தைப் பார்த்துப் பார்த்து அக்கவுன்ட்ஸ் அக்கா மறுபடி அடித்தார். பத்தொன்பது நாள் ஆனது. அதற்கு நடுவில் ஒருநாள் என்னிடம் கேட்டார்: "தம்பி, அந்தப் பச்சை லைட்டு தெனமும் எரிஞ்சுதே, அப்ப அது இன்னாத்துக்கு எரிஞ்சுது?"

அந்தக் கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்குச் சொல்ல முடியும். எல்.டி.ஓ. டிரைவ் எழுதும்போதே, எழுதியதை உடனுக்குடன் படித்துச் சரிபார்க்கிறது. 'நீ கொடுத்ததை நான் எழுதிவிட்டேன்' என்பதற்கு மேல் அந்த லைட்டுக்கு எதுவும் தெரியாது. நீங்கள் எதைக் கொடுத்தீர்கள், எதன்மேல் எழுதச் சொன்னீர்கள், நாளைக்கு அதைத் திரும்ப எடுக்க முடியுமா என்பதெல்லாம் ரீஸ்டோர் செய்து பார்த்தால்தான் தெரியும். டேப் டிரைவ் வாங்கப் போகிறவர்கள், வாங்கி வைத்திருப்பவர்கள், என்னைப் போல அதை மாட்டிக் கொடுத்துப் பிழைப்பவர்கள், எல்லாரும் இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

கிளவுட் காலத்தில் டேப் எதற்கு என்று கேட்பார்கள். 2011 பிப்ரவரியில் ஒரு மென்பொருள் பிழையால் ஜிமெயிலில் ஒரு சின்ன சதவீதம் பேருடைய கடிதங்கள் காணாமல் போயின. கூகுள் பல டேட்டா சென்டர்களில் வைத்திருந்த பிரதிகளையும் அந்தப் பிழை தொட்டுவிட்டது. கடைசியில் டேப்பிலிருந்துதான் திரும்ப எடுத்தார்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) பரவியபோது, நெட்வொர்க்கில் எட்டின, பாதுகாப்பு அப்டேட் போடாத விண்டோஸ் கணினிகளில் அது நுழைந்தது. அந்த மாதிரி ரான்சம்வேர் ஒன்று ஆபீஸுக்குள் வந்தால், சர்வரோடு எப்போதும் இணைந்திருக்கிற யு.எஸ்.பி. டிஸ்க், நெட்வொர்க்கில் மாட்டிய டிஸ்க் பெட்டியான நாஸ் எல்லாவற்றையும் சேர்த்துப் பூட்டிவிடும். அலமாரியில் இருக்கிற கார்ட்ரிட்ஜை அதால் தொட முடியாது. ஆனால் கவனியுங்கள், அலமாரியில் இருக்கிற கார்ட்ரிட்ஜை. டிரைவுக்குள்ளேயே மாதக்கணக்கில் கிடக்கிற கார்ட்ரிட்ஜையோ சர்வருக்குள் வந்த வைரஸ் அழிக்க முடியும், தண்ணீரோ தீயோ வந்தால் சர்வரோடு சேர்ந்தே போகும். டிரைவ் சர்வருக்குள்ளேயே இருப்பதால் வேலை சுலபம்தான், அதே காரணத்தால் யாரும் டேப்பை வெளியே எடுப்பதில்லை. நான் போய்ப் பார்க்கிற ஆபீஸ்களில் பாதிக்கு மேல் இந்த நிலைமைதான்.

சரி, வாங்குவதற்கு முன். உள்ளே மாட்டுகிற எல்.டி.ஓ. டிரைவுக்கு ஐந்தேகால் அங்குல பே (சர்வரின் முன்பக்கத்தில் டிரைவ் மாட்டும் இடம்) வேண்டும். 1யு, 2யு என்கிற தட்டையான ரேக் சர்வர்களில் பெரும்பாலும் அது கிடையாது, டவர் சர்வராக இருக்க வேண்டும், டவரிலும் சில மாடல்களில் அந்த இடத்தில் டிஸ்க் கூடு வைத்துவிடுகிறார்கள். பவர் கேபிளையும் மவுன்டிங் ரெயிலையும் பல சர்வர்களில் தனியாக ஆர்டர் போட வேண்டியிருக்கும், டிரைவ் பெட்டியைப் பிரித்த பிறகு ரிச்சி தெருவில் அதைத் தேடி அலையாதீர்கள். ரொம்ப முக்கியமானது, டிரைவை ரெய்டு கார்டில் மாட்டாதீர்கள். முதல் நாள் தெரியும், இரண்டு நாள் வேலை செய்யும், மூன்றாம் நாள் பேக்கப் நடுவில் டிரைவ் காணாமல் போகும், நீங்கள் கேபிளை மாற்றிக்கொண்டே இருப்பீர்கள். அதற்கென்று தனியாக ஒரு சாஸ் ஹெச்.பி.ஏ. கார்டு (டிரைவைச் சர்வரோடு நேராக இணைக்கும் கார்டு) வாங்குங்கள், டிரைவ் விலையில் அது ஒரு சின்னப் பங்குதான். ஹெச்.பி.ஏ. மாடலும் டிரைவ் மாடலும் ஒத்துப்போகுமா என்று தயாரிப்பாளரின் பட்டியலில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

விண்டோஸ் சர்வர் வைத்திருப்பவர்கள் விழுகிற பள்ளம் இன்னொன்று. பழைய என்.டி.பேக்கப் டேப்பில் எழுதும். சர்வர் 2008-இலிருந்து அதற்குப் பதிலாக வந்த விண்டோஸ் சர்வர் பேக்கப்புக்கு டேப் என்றால் என்னவென்றே தெரியாது. மூலக்கொத்தளத்தில் ஒரு மருந்து மொத்த வியாபாரி, லட்சக்கணக்கில் கொடுத்து டிரைவை வாங்கி மாட்டி, டிவைஸ் மேனேஜரில் அழகாகத் தெரிய, எழுதுவதற்கு மென்பொருள் இல்லாமல் நான்கு மாதம் சும்மா வைத்திருந்தார். வீம், பேக்கப் எக்ஸெக் என்று டேப்பில் எழுதத் தெரிந்த மென்பொருள் ஏதாவது ஒன்றை முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

மாட்டுவது ஒரு மணி நேர வேலை. பவரைப் பிடுங்கிவிட்டு, கையில் ஆன்டி-ஸ்டாட்டிக் பட்டை கட்டிக்கொண்டு, டிரைவோடு வந்த ஸ்க்ரூவை மட்டும் போடுங்கள், நீளமான ஸ்க்ரூ உள்ளே போய் இடிக்கும். சாஸ் கேபிளைக் கூர்மையாக மடிக்காதீர்கள். சாஸுக்கு முந்தைய ஸ்கஸி இணைப்பில் பழைய டிரைவ் இன்னும் ஓடுகிற இடங்களும் இருக்கின்றன, அங்கே ஒவ்வொரு கருவியின் ஐ.டி. எண்ணும் மோதாமல் பாருங்கள், 7 கன்ட்ரோலருக்கு உரியது, கேபிள் கடைசியில் டெர்மினேட்டர் இருக்க வேண்டும். மாட்டியானதும் பக்கத்து மூடியைப் போட்டு மூடிவிடுங்கள். சூடாகிறது என்று மூடியைக் கழற்றியே வைத்திருப்பார்கள். திறந்து வைத்தால் ஃபேன் இழுக்கிற காற்று டிரைவ் வழியாகப் போகாது, சூடு இன்னும் ஏறும், தூசியும் நேராக உள்ளே இறங்கும். அப்புறம் டிரைவுக்குள்ளேயே இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பித்து, தயாரிப்பாளரின் சோதனை மென்பொருளை ஒருமுறை ஓட்டுங்கள். ஹெச்.பி. டிரைவ் என்றால் லைப்ரரி அண்ட் டேப் டூல்ஸ், ஐ.பி.எம். என்றால் ஐ.டி.டி.டி. எல்.டி.ஓ.-9 (ஒன்பதாம் தலைமுறை) புதுக் கார்ட்ரிட்ஜை முதல்முறை போடும்போது டிரைவ் அதைப் பழக்கப்படுத்த இரண்டு மணி நேரம் வரைக்கும் எடுத்துக்கொள்ளலாம். மாட்டிக்கொண்டது என்று நினைத்து நடுவில் பவரை அணைத்துவிடாதீர்கள்.

முதல் பேக்கப் ஓடும்போது பக்கத்தில் உட்கார்ந்து காது கொடுத்துக் கேளுங்கள். நல்ல டிரைவ் ஒரே சீராக 'ஸ்ஸ்ஸ்' என்று ஓடும், எப்போதாவது திசை மாற்றும். ஓடி, நின்று, பின்னால் போய், மறுபடி ஓடி, நின்று என்று மூச்சு வாங்கினால் டேட்டா போதுமான வேகத்தில் வரவில்லை என்று அர்த்தம். எல்.டி.ஓ.-7 டிரைவ் வினாடிக்கு 300 எம்.பி. எழுதக்கூடியது, உங்கள் கிகாபிட் நெட்வொர்க் வழியாக நூற்றுச் சொச்சம்தான் வரும், லட்சம் குட்டி ஃபைல்களை ஒவ்வொன்றாகப் படித்தால் முப்பதுகூடத் தேறாது. டிரைவ் தன் வேகத்தை ஓரளவு குறைத்துக்கொள்ளும், அதற்கும் கீழே போனால் நின்று நின்றுதான் ஓட வேண்டும். டேப்பில் எழுதிப் படிக்கும் ஹெட்டும், டேப்பும் தேயும். முதலில் எல்லாவற்றையும் சர்வரின் டிஸ்கிலேயே ஒரே பெரிய ஃபைலாகக் கட்டி, அதை டேப்புக்கு அனுப்புங்கள். சத்தம் உடனே மாறும்.

பெட்டியின்மேல் போட்டிருக்கும் பெரிய எண்ணை நம்பாதீர்கள். எல்.டி.ஓ.-7-இல் 15 டி.பி. என்று இருக்கும், அது இரண்டரை மடங்கு சுருங்கும் என்று வைத்துப் போட்ட கணக்கு, உண்மையான இடம் 6 டி.பி. ஸ்கேன் செய்த ஜேபெக் படம் சுருங்காது.

கிளீனிங் கார்ட்ரிட்ஜையும் டிரைவ் லைட் போட்டுக் கேட்கும்போது மட்டும் போடுங்கள். சரஸ்வதி பூஜைக்குத் துடைக்கிற மாதிரி வாரா வாரம் போட்டால் ஹெட் தேயும்.

இனி நம்ம ஊர் விஷயம். ராயபுரம், காசிமேடு பக்கம் கடல் காற்றில் உப்பு, எண்ணூர் பக்கம் சாம்பல், மணலியில் லாரி புழுதி. ஜன்னல் திறந்த அறையில் சர்வரை வைத்தால் இரண்டு வருடத்தில் கனெக்டர் முனைகளில் பச்சை பூக்கிறது, நான் கழற்றிப் பார்த்திருக்கிறேன். கார்ட்ரிட்ஜை எப்போதும் அதன் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு நிறுத்தி வையுங்கள். பைக் பெட்டியில் வெயிலில் வந்த கார்ட்ரிட்ஜை ஏ.சி. அறைக்குள் நுழைந்ததும் டிரைவில் திணிக்காதீர்கள், அந்த அறையிலேயே ஒருநாள் இருக்கட்டும். கீழே விழுந்ததா? பக்கத்தில் இருக்கிற சின்னக் கதவை விரலால் தள்ளிப் பாருங்கள், உள்ளே டேப்பின் நுனியில் ஒரு மெல்லிய உலோக ஊசி நேராக உட்கார்ந்திருக்க வேண்டும். டிரைவ் அந்த ஊசியைப் பிடித்துத்தான் டேப்பை இழுக்கிறது. அது சாய்ந்திருந்தாலோ, லேசாக ஆட்டினால் கடகடவென்று சத்தம் வந்தாலோ, அந்தக் கார்ட்ரிட்ஜைப் போடாதீர்கள். டேப் உள்ளே சிக்கினால் டிரைவும் போகும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் எர்ணாவூர், எண்ணூர் பக்கம் எண்ணெய் கலந்த தண்ணீர் வீடுகளுக்குள் வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்தப் பக்கம் ஒரு குடோனில் கார்ட்ரிட்ஜ்களை இரும்பு பீரோவின் கீழ்த்தட்டில் வைத்திருந்தார்கள். டேப்பும் போனது, சர்வரும் போனது. நனைந்த டேப்பைக் காயவைத்துப் போட்டுப் பார்க்கலாம் என்று அவர்கள் சொன்னபோது நான் தடுத்தேன், அதைச் சுத்தம் செய்து படிக்கத் தனி ஆட்கள் இருக்கிறார்கள், செலவு அதிகம்தான். வாரக் கடைசி டேப் ஒன்றாவது வேறு கட்டடத்துக்கு, முடிந்தால் வேறு பகுதிக்கு, மாடிக்குப் போக வேண்டும். வெளியே போகிற டேப்பை என்கிரிப்ட் செய்யுங்கள், எல்.டி.ஓ.-4 முதல் டிரைவிலேயே அந்த வசதி உண்டு. அதன் சாவியைச் சர்வரில் மட்டும் வைத்தால் சர்வர் போன அன்று டேப்பும் வெறும் பிளாஸ்டிக்தான், ஒரு காகிதத்தில் எழுதி முதலாளியின் லாக்கரில் வையுங்கள்.

பழைய டேப்பைப் படிக்க டிரைவ் வேண்டும் என்பதும் மறந்துபோகிற விஷயம். எல்.டி.ஓ.-7 வரைக்கும் ஒரு டிரைவ் தனக்கு முந்தைய இரண்டு தலைமுறை டேப்பைப் படிக்கும். எட்டிலும் ஒன்பதிலும் ஒன்றுதான், பத்தில் அதுவும் இல்லை. எல்.டி.ஓ.-6 டேப்பை எட்டாம் தலைமுறை டிரைவ் தொடாது. ஜி.எஸ்.டி. கணக்கை ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும், கஸ்டம்ஸ் புரோக்கர்கள் ஆவணங்களை ஐந்து வருடம். புது சர்வர் வந்ததும் பழையதைப் பழைய இரும்புக்காரருக்குத் தள்ளிவிட்டால், அலமாரியில் அடுக்கி வைத்த அத்தனை டேப்பும் படிக்க ஆளில்லாமல் நிற்கும்.

இப்போது நான் எந்த ஆபீஸில் டிரைவ் மாட்டினாலும், மாட்டின வாரத்திலேயே முதல் டேப்பை எடுத்துக்கொண்டு தண்டையார்பேட்டையில் என் இடத்தில் இருக்கிற வேறொரு டிரைவில் போட்டு, வேறொரு கணினியில் ரீஸ்டோர் செய்து காட்டிய பிறகுதான் பில் கொடுக்கிறேன். எழுதின டிரைவிலேயே படித்துப் பார்ப்பது போதாது, ஹெட் சரியில்லாத டிரைவ் தான் எழுதியதைத் தானே படித்துவிடும், வேறு டிரைவ் திணறும். ஃபைல் வந்ததா என்று மட்டும் பார்க்காமல் கணக்கு மென்பொருளில் திறந்து பார்க்க வேண்டும். அதைப் பார்க்க வேண்டியவர் நான் இல்லை, அந்தக் கணக்கை தினமும் கையாள்கிறவர்.

தம்பு செட்டித் தெரு ஆபீஸில் இப்போது திங்கள் முதல் வியாழன் வரை நான்கு டேப், வெள்ளிக்கிழமைக்குத் தனி டேப்புகள், மாதக் கடைசிக்குப் பன்னிரண்டு. வெள்ளி டேப்பை சனிக்கிழமை சாயந்திரம் அக்கா டப்பாவோடு பையில் போட்டுக்கொண்டு மெட்ரோவில் விம்கோ நகர் போகிறார், வீட்டில் இரண்டாம் மாடியில் புடவை பீரோவுக்குள் வைக்கிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏதோ ஒரு டேப்பை அவரே எடுத்துக் கொடுப்பார், எது என்று எனக்கு முன்கூட்டியே சொல்ல மாட்டார். போன முறை ரீஸ்டோர் முடிந்ததும் நோட்டைத் திறந்து, ஜூன் மாதத்து வவுச்சர் நம்பர் ஒன்றைச் சொல்லி, தொகையைப் படிக்கச் சொன்னார். படித்தேன். நோட்டில் ஒரு டிக் போட்டார், இன்னும் இரண்டு நம்பர் கேட்டார்.